பொருள் எண் 17

நான் எழுதுவது கூட்டக் குறிப்பு.
அதில் வியர்வை வராது, மின்விசிறி நின்றுபோனது வராது,
யார் மேசையைத் தட்டினார் என்பதும் வராது.
'மன்றம் ஏற்றுக்கொண்டது' வரும்.
'ஒத்திவைக்கப்பட்டது' வரும்.
இருபத்திரண்டு வருஷத்தில் இந்த இரண்டுக்கே
என் கட்டைவிரல் பாதி தேய்ந்துவிட்டது.

மாசியில் ஒரு மனு.
பதினொன்றாம் வார்டு, ஆறு கடலைத் தொடும் பொழிமுகத்துப் பக்கம்,
எழுபத்தாறு கையெழுத்து, ஒன்பது கைநாட்டு.
'மூன்று மாதமாக எங்கள் தெருவில் வெள்ளம் இல்லை.'
மனு அவ்வளவுதான். கீழே, தாழ்மையுடன்.

பொறியாளர் ஏழுமலை திருவண்ணாமலைக்காரர்.
நல்ல மனிதர். வந்து பன்னிரண்டு நாள்.
மனுவைப் படித்தார்,
சன்னல் வழியே தென்னந்தோப்புக்கு மேலே வானத்தைப் பார்த்தார்,
பச்சை மையில் எழுதினார்:
'வெள்ள பாதிப்பு இல்லை எனத் தெரிகிறது.
கோப்பை முடிக்கலாம்.'

எனக்குத் தெரியும்.
வெள்ளம் குடித்து வளர்ந்தவன் நான்.
மிஞ்சிய சோற்றில் வெள்ளம் ஊற்றி வைத்த வீடு,
விக்கல் எடுத்தால் 'வெள்ளம் குடில' என்று அதட்டுகிற வீடு.
தெரிந்தும்
'முடிந்தது' முத்திரையை வாயால் ஊதி அழுத்தினேன்.
வெள்ளிக்கிழமை, ஐந்து நாற்பது.
ஐந்து ஐம்பதுக்கு மார்த்தாண்டம் பஸ்.

பங்குனிக் கூட்டம்.
மீன்சந்தை ஏலம், நாய்க்குக் கருத்தடை,
களியக்காவிளை சாலையில் நுழைவாயில் வளைவு,
நாற்பது தெருவிளக்கு, அதில் எட்டு
தலைவரின் மைத்துனர் விளையைச் சுற்றி.
எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.
பொருள் எண் 17: கூட்டங்களுக்கான தேநீர்ச் செலவு,
ரூபாய் நாலாயிரத்து முந்நூற்று எண்பது.

புஷ்பலில்லி எழுந்தார், பதினொன்றாம் வார்டு.
"எதிர்ப்பு ஒண்ணும் இல்ல தலைவரே.
ஆனா இண்ணைக்குச் சாயா எனக்க வக."
பெரிய பிளாஸ்க் இரண்டு, காகிதக் கப் ஒரு கட்டு.
தானே ஊற்றி, தானே நடந்து,
எதிர்க்கட்சி வரிசைக்கும் வைத்தார்.

ஒரு மிடறு.
பதினேழு பேரின் தொண்டை ஒன்றாக நின்றது.
மேலே பால் திரிந்து மிதந்தது.
சுகாதார ஆய்வாளர் கைக்குட்டையைத் தேடினார்.
"சீனி நல்லாப் போட்டிருக்கேன் சாரே" என்றார் புஷ்பலில்லி,
"ராத்திரி ரெண்டு மணிக்கு அரமணிக்கூர் பைப்பில வரும்.
மூணு மாசமா வெள்ளம் இல்ல.
வாறது கடலாக்கும்."

ஏழுமலை கப்பைக் கீழே வைக்கவில்லை.
"வெள்ளம்னா…" என்று என் பக்கம் திரும்பினார்.
என் பேனாவில் அந்த நேரம் பார்த்து மை அடைத்திருந்தது.

முடிவு: தினம் இரண்டு லாரி.
ஆற்றில் உப்பு ஏறாமல் தடுப்புச் சுவர், அதற்கு மதிப்பீடு.
மதிப்பீடு வரும்வரை, ஒத்திவைக்கப்பட்டது.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன்.
பொருள் 17க்கு ஒரு வரி கூடுதலாக:
'வழங்கப்பட்ட தேநீர் உப்பாக இருந்தது என
மன்றம் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.'
தலைவர் வாசிக்காமல் கையெழுத்திட்டார், வழக்கம்போல.
முத்திரை போட்டேன். ஊதவில்லை.

லாரி ஒன்றுதான் வருகிறது.
மற்றது டயருக்காக நிற்கிறது, அதுவும் ஒரு கோப்பு.

நேற்று பஸ்ஸ்டாண்டில் ஏழுமலை,
கையில் பதினொன்றாம் வார்டுக் குழாய்களின் பட்டியல்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே நாக்கால் அறிந்த குறிப்பு:
உப்பு, உப்பு, கொஞ்சம் உப்பு, காற்று.
"அப்ப உண்மையாவே வெள்ளம் வந்தா
அதுக்கு என்ன சொல்வீங்க?" என்றார்.

"அதும் வெள்ளம்தான் சார்" என்றேன்.
மார்த்தாண்டம் பஸ் வந்தது.
அதை விட்டுவிட்டு
கோப்பு எண்ணைச் சொல்லிக்கொடுத்தேன்.